தாரை வார்க்காத தண்ணீர்

பலா மரத்தடியில் கோரைப் பாய் விரித்து அப்பாவை உட்கார வைத்திருந்தார்கள். முகத்துக்கு மஞ்சள் அரிதாரம் பூசியாகிவிட்டது. மீசை மட்டும் இன்னும் எழுதவில்லை. கண்ணை மூடி, தாடையைச் சற்றுத் தூக்கி, இரண்டு பக்கமும் யாரோ சாமரம் வீசுகிற நினைப்பில் உட்கார்ந்திருந்தார். மடியில் கிரீடம். அதன் மேல் ஒரு ஈ உட்காருவதும் பறப்பதுமாக இருந்தது.

நான் அவர் எதிரில் நின்றேன். என் முகத்திலும் அரிதாரம். கையில் ஒரு செம்புத் தண்ணீர். கூத்து முடியும்வரை அதைக் கீழே வைக்கக் கூடாது என்பதால், விடிந்ததிலிருந்து என் கையிலேயே இருந்தது.

“கடைசியா ஒருக்காக் கேக்கறனுங்கப்பா. இன்னிக்கு ஒரு நாளு அந்தக் கிரீடத்த வெக்காதீங்க.”

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. “ராஜாகிட்ட எளவரசன் இப்பிடிப் பேசப்படாது கண்ணு,” என்றார்.

கண்ணு! எனக்கு அப்போதே இருபது வயது தாண்டிவிட்டது. அந்த ஒரு சொல்லுக்காகவே கிரீடத்தைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்திருப்பேன். கையில் செம்பு இருந்ததால் கிரீடம் தப்பித்தது.

சமீபத்தில் ஒரு கல்யாண வீட்டில், இந்தத் தொடரைப் படிக்கிற ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மற்றவர்களைப் பற்றி நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். அப்பா வந்தால் மட்டும் காரம் ஏறிவிடுகிறதே” என்று குறைப்பட்டுக்கொண்டார். ஏறத்தான் செய்யும். எங்கள் மலையில் விளைவது மிளகு.

பகலில் ஆடும் கூத்து

எங்கள் ஊர் கொல்லிமலையில் குண்டூர் நாட்டில் இருந்தது; மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. ஊர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். சரிவில் ஒட்டிக்கொண்டு சில புல் வேய்ந்த வீடுகள், சாமையும் ராகியும் விதைத்த கொல்லைகள், பலா மரங்கள், அவற்றின் மேல் ஏறிய மிளகுக் கொடிகள். அவ்வளவுதான்.

கீழ்நாட்டில் கூத்தை இரவெல்லாம் ஆடுவார்கள். எங்கள் ஊரில் பகலில்தான் ஆடுவோம். தை மாதப் பனியில் இரவு வெளியே உட்கார்ந்தால் மறுநாள் காய்ச்சல். சிறுத்தை பயம் வேறு. தீப்பந்த வெளிச்சத்தில் பல விஷயங்கள் மறைந்துபோகும். பகலில் எதுவும் மறையாது. ஜிகினா ஜிகினாவாகத் தெரியும், அட்டை அட்டையாகத் தெரியும். ராணி வேஷம் கட்டியவரின் தாடி முள்கூடத் தெரியும். பார்க்கிறவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். என் அப்பாவுக்கு மட்டும் எதுவும் தெரிந்ததில்லை.

நாங்கள் ஆடியது ஒரே கதை. கேட்டவருக்கெல்லாம் கேட்டதைக் கொடுத்த ஒரு ராஜாவின் கதை. கடவுள் கிழவன் வேஷத்தில் வந்து ராஜ்ஜியத்தைக் கேட்பார், ராஜா கொடுத்துவிடுவார். அரண்மனையைக் கேட்பார், அதையும் கொடுத்துவிடுவார். பக்கத்தில் இளவரசன் என்று ஒருவன் நின்றுகொண்டு, “தந்தையார் வாக்கே என் வாக்கு” என்று ஒவ்வொரு தரமும் தலையாட்டுவான். கடைசியில் கடவுள் நிஜ உருவத்தில் வந்து எல்லாவற்றையும் திருப்பிக் கொடுப்பார். மங்களம் பாடி முடிப்பார்கள்.

அந்த இளவரசனைப் போல ஒரு மடையனை நான் எங்கும் பார்த்ததில்லை. பெண்டாட்டி பிள்ளை பசியில் கிடக்கும் என்று ஒரு வார்த்தை அந்தப் பயல் சொல்ல வேண்டாமா? சொல்ல மாட்டான். அவனை ஊரே மெச்சும். ராஜா வேஷம் போடுகிறவருக்கு மகன் இருந்தால் அவன்தான் இளவரசனாக வேண்டும் என்பது ஊர் வழக்கம். ஆகவே வருஷா வருஷம் அந்த மடையனாக நான் நின்றேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். கூத்தின் நடுவில் தானக் காட்சி வரும். அப்போது பார்க்க வந்தவர்கள் மேடை ஏறி ராஜாவிடம் நிஜமாகவே ஏதாவது கேட்கலாம். கிரீடம் வைத்தவர் ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது. கேட்ட பொருளைச் சொல்லி, இளவரசன் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற, ராஜா தன் கை வழியாக அதைக் கேட்டவர் கையில் தாரை வார்ப்பார். தண்ணீர் கையில் விழுந்துவிட்டால் பொருள் கேட்டவருடையது. ஊர்க்கூட்டம் கூடினாலும் அதை மாற்ற முடியாது.

கேட்கிறவர்களுக்கு ஒரு அளவு தெரியும். ஒரு பலாப்பழம், ஒரு சேவல், ஒரு படிச் சாமை. அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்றுகூட யாருக்கும் தோன்றியதில்லை.

கிரீடம் வந்த வழி

அப்பாவின் கிரீடம் முதலில் முருக்க மரத்தில் செதுக்கிக் காகிதம் ஒட்டியதுதான். நன்றாகத்தான் இருந்தது. அதைக் கழற்றிப் பரணில் போட்டதும் அவர் மனிதராகிவிட்டால் எனக்கென்ன? ஆகமாட்டார். மழைக் காலத்தில் கூரை ஒழுகும். அம்மா சட்டியை அங்கும் இங்கும் நகர்த்தி வைத்துக்கொண்டிருப்பாள். அப்பா மூலையில் சம்மணம் போட்டபடி, “மாதம் மும்மாரி பொழிகிறதா?” என்று கேட்பார். விளையாட்டு என்று நினைத்து நாங்கள் சிரித்த காலம் ஒன்று இருந்தது.

பிறகுதான் பண்ணைக்காரர் வந்தார். சேந்தமங்கலம் பக்கம் நிலபுலம் உள்ளவர். மலையில் காப்பித் தோட்டம் போட இடம் தேடிக்கொண்டிருந்தார். முதல் வருஷம் கூத்தைப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும் அப்பாவைக் கும்பிட்டார். “மகாராஜா, இந்த மலைய ஆண்ட வம்சம் நீங்கதான்னு மொகத்துலயே எழுதியிருக்குதுங்க” என்றார். அப்பா அன்றைக்கு விழுந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அடுத்த வருஷம் ஆள் தலையில் வைத்து ஒரு புதுக் கிரீடம் அனுப்பினார். கண்ணாடிக் கல் பதித்தது. அப்பா அதை விதைச் சாமை வைக்கிற மச்சில் வைத்தார். விதைக் கூடை கீழே வந்தது, எலி தின்றது. சாயங்காலமானால் அம்மா அதற்கு விளக்கு வைக்க வேண்டும். சாமிக்கு இல்லாத எண்ணெய் கண்ணாடிக் கல்லுக்கு எரிந்தது.

“ஏனுங்க, அத அனுப்புன மனுசனுக்கு என்ன வேணுமாம்?” என்று அம்மா ஒரு நாள் கேட்டாள்.

“ராஜாவுக்குக் காணிக்க குடுக்கறவன் எதாச்சும் கேப்பானா புள்ள?” என்றார் அப்பா.

புளியஞ்சோலையில் கேட்ட சேதி

எங்கள் மிளகை வாங்குகிறவர் துறையூர்ப் பக்கத்து வியாபாரி காசிம் ராவுத்தர். நாங்கள் மூட்டையைச் சுமந்துகொண்டு மலை இறங்கினால், அவர் புளியஞ்சோலையில் ஆற்றோரம் காத்திருப்பார். சுமந்து வந்தவன் முகம் கழுவி மூச்சு வாங்கும்வரை தராசைத் தொடமாட்டார். அவர் பழக்கம் அது.

அந்த வருஷம் நான் மூட்டையை இறக்கியதும், “உக்காரு தம்பி. மொளகு கெடக்கட்டும்,” என்றார். “உங்கப்பாரு இந்த வருசமும் ராஜாவா?”

“ஆமாங்க.”

“வேண்டாம்னு சொல்லு. பண்ணைக்காரர் நம்ம கடையில உக்காந்து வாயாலயே சொன்னாரு. தானம் கேக்கற எடத்துல ஏறி, ஊத்துக்கொல்லையக் கேக்கப்போறாராம். பத்திரம் வேண்டாம், எழுத்து வேண்டாம், ஒரு கை தண்ணி போதும்னு சிரிக்கிறாரு.”

“நெசமாவா சொன்னாரு?” என்று கேட்டேன்.

“பெரக்கரை நாட்டுல போன வருசம் இப்பிடித்தான் ஒரு சரிவ வாங்குனாரு,” என்றார் ராவுத்தர். “குடுத்த ராஜா இப்ப அதே கொல்லையில கூலிக்குக் களை புடுங்கறாரு. நான் கண்ணால பாத்தேன்.”

ஊத்துக்கொல்லை எங்கள் வீட்டுக்கு மேலே இருந்தது. கடும் கோடையிலும் வற்றாத ஊற்று ஒன்று அதன் தலைமாட்டில் உண்டு. அதனால் அந்தப் பெயர். எங்கள் மிளகு, எங்கள் சோறு, வீட்டுக்குக் குடிதண்ணீர் எல்லாம் அதிலிருந்துதான். அது போனால் எங்களுக்கு வேறு எதுவும் இல்லை. அதைக் கல் பொறுக்கி, புதர் வெட்டி, மண் அணைத்து உண்டாக்கியவள் அம்மா. ராஜாவின் கை மண்வெட்டி பிடித்து நான் பார்த்ததில்லை.

மலை ஏறும்போது எனக்குள் ஒரே வேகம். வழக்கமாக இளைப்பாறுகிற பாறையில்கூட உட்காரவில்லை. நேராக அப்பாவிடம் போய், கேட்டதைக் கேட்டபடி சொன்னேன்.

அவர் முகம் வாடும் என்று நினைத்தேன். மலர்ந்தது!

“ஊத்துக்கொல்லையையா? அவ்வளவு பெரிய தானமா கேக்கப்போறாரு?”

“நெசமாவே எடுத்துக்குவாருங்கப்பா.”

“எடுத்துக்கட்டும். இது சோதனை கண்ணு. கதையில மட்டும் என்ன? ராஜ்ஜியத்தையே கேட்டு வாங்கிக்கிட்டு, கடேசில திருப்பிக் குடுக்கலியா? இவரும் குடுப்பாரு. கூடவே நாட்டுப் பட்டமும் கட்டுவாரு, பாரு.”

“கதையில கேக்க வந்தது சாமி. இங்க கேக்க வாரது பண்ணைக்காரரு!”

“வேசத்துல வாரவரு யாருன்னு நமக்கு எப்பிடித் தெரியும்?” என்றார், மிகவும் சாந்தமாக.

“பெரக்கரை நாட்டாளுக்குத் திருப்பிக் குடுத்தாரா? இப்பக் களை புடுங்கறாரு!”

“அவன் ராஜ வம்சம் இல்ல.”

இப்படிப் பேசுகிறவரை என்ன செய்வது? அடிக்க முடியாது, பெற்றவர். நான் கத்தினேன். கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கும்படி கத்தினேன். அவர் கூத்தில் மந்திரியைப் பொறுத்துக்கொள்வதைப் போல என்னைப் பொறுத்துக்கொண்டார். அந்தப் பொறுமைதான் எனக்கு ஆகவே ஆகாதது.

ஊர்ப் பெரியவர்களிடம் போனேன். “கிரீடம் வெச்ச வாய் இல்லைங்கக் கூடாது. மாத்துனா மழை நின்னு போகும் சாமி” என்றார்கள். பண்ணைக்காரர் அந்த வருஷம் திருவிழாவுக்கு அரிசிச் சோறு போடுவதாகச் சொல்லியிருந்தார். சாமைச் சோறு தின்ற வாய்களுக்கு அரிசிச் சோறு பெரிதாகத்தான் இருந்திருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கொல்லை எங்களுடையது.

இளவரசன் வேஷம் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தேன். நான் விலகினால் செம்பு வேறொருவன் கைக்குப் போகும். அவன் ஊற்றிவிடுவான்.

தாரைக்கான தண்ணீரை, திருவிழா அன்று வெயில் படுவதற்கு முன் ஊற்றிலிருந்து இளவரசன்தான் மொண்டு வர வேண்டும். ஒரே செம்பு. வருஷத்துக்கு ஒரு தரம். ஆகவே நானே போனேன். ஊத்துக்கொல்லைத் தண்ணீரை ஊத்துக்கொல்லையைத் தொலைப்பதற்காக மொண்டுகொண்டு இறங்கினேன். கை விறைத்துப்போகிற குளிர்.

தானக் காட்சி

முதலில் ஊர்க்காரர்கள் வந்தார்கள். ஒருவர் பலாப்பழம் கேட்டார். ஒரு அம்மாள் அடைகாக்கிற கோழி கேட்டாள். நான் சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். அப்பா வெயிலில் கண்ணாடிக் கல் மினுங்க, ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டுப் பாடித் தாரை வார்த்தார். குரல் நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோபம் இருந்தாலும் பொய் சொல்லக் கூடாது.

கடைசியில் பண்ணைக்காரர் ஏறினார். சரிகைத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையைக் குவித்து, குனிந்து நின்றார்.

“மகாராஜா, ஊத்துக்கொல்லையும் அதுல இருக்கற ஊத்தும் இந்த ஏழைக்கு வேணுமுங்க.”

மத்தளம் நின்றுவிட்டது. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அம்மாவை ஒரு தரம் திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. “தந்தேன்!” என்றார். மலை எதிரொலித்தது. ஏதோ பெரிய காரியம் நடந்ததுபோலக் கூட்டம் ஆவென்று மூச்சு விட்டது.

அப்பா தன் கையைப் பண்ணைக்காரரின் கைக்கு மேல் நீட்டினார். “இளவரசே, தாரை வார்க்கத் தண்ணீர்!”

நான் சொல்ல வேண்டிய வசனம், “தந்தையார் வாக்கே என் வாக்கு.” ஏதாவது வசனம் பேசிச் சண்டை போட வேண்டும் என்றுதான் காலையிலிருந்து மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோனது. எதிரில் இரண்டு கைகள் இருந்தன. ஒன்று கொடுக்கத் துடிக்கிற கை. இன்னொன்று வாங்கக் குவிந்த கை. இரண்டும் ஊத்துக்கொல்லையில் ஒரு புல்லைப் பிடுங்காத கைகள்.

செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தேன்.

முழுவதும் குடித்தேன். மூச்சு முட்டியது; விடாமல் குடித்தேன். அரிதாரம் கரைந்து கழுத்தில் வழிந்தது. குடித்து முடித்துச் செம்பைக் கவிழ்த்துக் காட்டினேன். ஒரு சொட்டு இல்லை.

“தாகமா இருந்துதுங்க,” என்றேன்.

கூட்டத்தில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். பண்ணைக்காரர் குவித்த கையை விலக்காமலே, “வேற செம்பு கொண்டாரச் சொல்லுங்க” என்று அதட்டினார். அதுவரை இருந்த பணிவு எங்கே போனதோ தெரியவில்லை.

கூத்து வாத்தியார் மெதுவாக எழுந்தார். பயந்த மனிதர்; ஆனால் முறை தெரிந்தவர். “வேற செம்பு ஆகாதுங்க. ஒரு திருழாவுக்கு ஒரு செம்புதானுங்க. தண்ணி தீந்தா தானம் தீந்துது.”

“அவரு வாக்குக் குடுத்துட்டாருல்ல?”

“தண்ணி வுழுகலீங்களே,” என்றார் வாத்தியார்.

பண்ணைக்காரர் தன் காய்ந்த கையைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அரிசிச் சோறு அவருடனேயே இறங்கிப் போய்விட்டது. ஊர் என்னை ஏசியது அதற்காகத்தான் என்று நான் இன்றும் நம்புகிறேன். மழை நின்றுபோகும் என்றார்கள். அந்த வருஷம் பெய்த மழையில் எங்கள் கூரையே சரிந்தது.

அப்பா நீட்டிய கையை நீட்டியபடி, வெயிலில் வெகுநேரம் நின்றார். கிரீடத்தைக் கழற்றச் சொல்லி யாராவது கையைப் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. நான் பிடிக்கவில்லை. அம்மா வந்து பிடித்தாள்.

தாகம்

அதன்பிறகு அவர் ராஜா வேஷம் போடவில்லை. “இளவரசன் இல்லாதவனுக்குக் கிரீடம் எதுக்கு” என்று ஊரில் சொல்லியிருக்கிறார். என்னிடம் தேவைக்குப் பேசுவார். கண்ணு என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். சரி, அந்தத் தொல்லையாவது விட்டது என்று இருந்தேன். இருந்தேன் என்றா சொன்னேன்? இல்லை. அதற்கும் கோபம்தான் வந்தது.

ஊத்துக்கொல்லைச் சாமையைத்தான் தின்றார். ஊத்துக்கொல்லை மிளகை விற்று வாங்கிய வேட்டியைத்தான் கட்டினார். ஒரு நாளாவது, ‘நல்ல வேளை, நீ குடித்தாய்’ என்று சொல்லுவார் என்று பார்த்தேன். யுத்தம் வந்தது, அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. கீழ்நாட்டிலிருந்தே சாமை கேட்டு ஆட்கள் மலை ஏறினார்கள். அப்போதும் சொல்லவில்லை.

யுத்தம் முடிகிற சமயத்தில் மலைக்காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. ஒரு மத்தியானம் நான் பக்கத்தில் இருந்தேன். “தண்ணி,” என்றார். எடுத்துக்கொண்டு போனேன். செம்பைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. வீட்டில் இருந்த செம்பு அது ஒன்றுதான்.

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நீயே குடி சாமி. உனக்குத்தான் தாகம் சாஸ்தி.”

இத்தனை வருஷமாக அதை உள்ளே வைத்துக் காத்திருக்கிறார்! எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சாகக் கிடக்கிறவரிடம் பேசுகிற குரலில் நான் பேசவில்லை.

“இது ஊத்துக்கொல்லைத் தண்ணீங்க. இன்னும் நம்முளுதா இருக்கறதுனாலதான் உங்க வாய்க்கு வருது. குடிங்க.”

அவர் தலையை நான்தான் தூக்கிப் பிடித்தேன். குடித்தார். நிறுத்தி நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, முக்கால் செம்பு குடித்தார். தாடியில் வழிந்ததை என் துண்டால் துடைத்தேன். இப்போது சொல்லுவார் என்று இருந்தேன்.

“நல்ல தண்ணி,” என்றார். அந்த முகத்தில் பழைய மலர்ச்சி வந்தது. “இதத்தான் அன்னிக்கு அந்த மனுசனுக்குக் குடுத்தேன். பாவம், இன்னும் வந்து வாங்கிக்கவே இல்ல பாரு, கண்ணு.”

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் தூங்கிவிட்டிருந்தார்.

செம்பில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதையும் நானே குடித்தேன்.